‘நூறு வருஷத்துக்கு ஒரு வெள்ளம்’ என்றால் உஷார்!

சென்னைப் புறநகரில் ஏரிக்கரைப் பக்கமாக வீடு பார்க்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புரோக்கர் எப்படியும் இப்படிச் சொல்வார்: “2015-ல வந்தது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம் சார். அதான் வந்துட்டுப் போயிடுச்சே, இனி நம்ம காலத்துல வராது.”

முதல் வாக்கியம் பொறியாளர்களிடம் கடன் வாங்கியது. இரண்டாவது வாக்கியத்தை நம்பினால் வாழ்நாள் சேமிப்பு தண்ணீரில் போகும்.

‘நூறாண்டு வெள்ளம்’ என்று பொறியாளர்கள் சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பது நாள்காட்டி இல்லை. எந்த ஓர் ஆண்டை எடுத்தாலும் அந்த அளவு வெள்ளம் வர 100-ல் 1 வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். போன வருஷம் வந்ததா, பத்து வருஷமாக வரவில்லையா என்று மேகம் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. வெள்ளம் வடிந்த மறு ஆண்டிலும் அதே ஒரு சதவீதம் அப்படியே காத்திருக்கிறது.

ஒரு சதவீதம்தானே என்று அலட்சியமாக விடாதீர்கள். பிளஸ் டூ வணிகக் கணிதத்தில் ஈருறுப்புப் பரவல் என்று படித்திருப்பீர்கள். அதற்கு வேலை வரும் இடம் இதுதான். வெள்ளம் வராமல் ஓர் ஆண்டு தப்பிக்கும் வாய்ப்பு 0.99. வீட்டுக் கடனுக்கு 20 ஆண்டு தவணை என்றால் 0.99-ஐ இருபது தடவை பெருக்க வேண்டும். கிடைப்பது ஏறக்குறைய 0.82. அதாவது, கடனைக் கட்டி முடிப்பதற்குள் ஒரு தடவையாவது வீட்டுக்குள் தண்ணீர் வர 18 சதவீத வாய்ப்பு. லூடோ பகடையை ஒரே ஒரு தடவை உருட்டி ‘ஒன்று’ விழும் வாய்ப்பே 17 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவுதான். முப்பது ஆண்டு அந்த வீட்டில் குடியிருந்தால் 26 சதவீதம், நாலில் ஒன்று. இத்தனைக்கும் புரோக்கர் சொன்ன ‘நூறு’ உண்மை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையில் அந்த மனை ஐம்பதாண்டு வெள்ளத்துக்கே மூழ்கும் பள்ளம் என்றால், அதே 20 ஆண்டில் வாய்ப்பு மூன்றில் ஒன்று.

“நூறு வருஷத்துக்கு ஒண்ணுன்னா ஒண்ணுதானே?” என்று கேட்பவர்களும் உண்டு. அங்கேதான் பாய்சான் பரவல் பதில் சொல்கிறது. சராசரியாக நூறாண்டுக்கு ஒன்று என்றால், ஒரு நூற்றாண்டில் ஒன்றுகூட வராமல் போக 37 சதவீதம், சரியாக ஒன்று வர 37 சதவீதம், இரண்டோ அதற்கு மேலோ வர 26 சதவீதம். அடுத்தடுத்து வருவது இயற்கையின் கோபமோ அபூர்வமோ அல்ல. இந்தக் கணக்குக்குள் அடங்கியதுதான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைப் பாருங்கள். ஐந்நூறாண்டு வெள்ளம் என்று சொல்லப்பட்டவை 2015, 2016, 2017 என்று மூன்று ஆண்டும் வரிசையாக வந்தன. சென்னையின் பெருவெள்ள ஆண்டுகளையும் எழுதிப் பாருங்கள்: 1943, 1976, 1985, 2005, 2015, 2023. எல்லாம் ஒரே அளவு வெள்ளம் அல்ல, உண்மைதான். ஆனால் இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகும் ‘இனி நம்ம காலத்துல வராது’ என்று ஒருவர் சொன்னால், அவர் கையிலிருந்து சாவியை வாங்காதீர்கள்.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று இருக்கிறது. மணி வடிவ வளைகோட்டை, அதாவது இயல்நிலைப் பரவலை, எல்லாவற்றுக்கும் பொருத்திப் பார்க்கும் பழக்கம். ஆட்களின் உயரத்துக்கு அது பொருந்தும். ஆண்டின் உச்ச மழைக்குப் பொருந்தாது. உச்சங்களுக்கென்றே தனிப் பரவல் உண்டு. ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளை எதிர்த்ததால் வேலையும் நாடும் இழந்த எமில் கம்பெல் என்ற கணிதவியலாளரின் பெயரைத் தாங்கியது அது. இந்தியாவிலும் நீரியல் பொறியாளர்கள் வெள்ளக் கணிப்புக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். வித்தியாசத்தைப் பாருங்கள்: சராசரியைவிட நான்கு திட்டவிலக்கம் அதிகமான மழையை, 31,000 ஆண்டுக்கு ஒருமுறை என்று மணி வளைகோடு சொல்லும். கம்பெல் பரவலோ சுமார் 300 ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது. தவறான வளைகோட்டை நம்பினால் அபாயம் நூறில் ஒரு பங்காகச் சுருங்கித் தெரியும்! உச்ச மழை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அங்கே ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம்.

இந்தக் கணக்குகளெல்லாம் நேற்று இருந்த வானமும் மண்ணும் நாளையும் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்டவை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி கட்டடமாகிவிட்டது. பழைய பதிவுகளின்படி ‘நூறாண்டு’ என்றது இன்று அதைவிட அடிக்கடி வரலாம்.

ஆகவே, வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியடையாதீர்கள்; அதில் தண்ணீர் இராது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் அந்தச் சர்வே எண் முன்பு என்ன வகைப்பாட்டில் இருந்தது, ஏரியா, ஓடையா, மேய்க்காலா என்று பாருங்கள். வங்கிக் கடனோடு வரும் காப்பீடு கட்டடத்துக்கு மட்டுமா, உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள்.

முடிச்சூரோ வேளச்சேரியோ, எந்த ஏரியாவாக இருந்தாலும், புரோக்கர் இல்லாமல் தனியாக ஒருமுறை போங்கள். தெருமுனையில் அயர்ன் வண்டி வைத்திருப்பவரிடமும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும், 2015-ல் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, 2023-ல் எவ்வளவு நின்றது, எத்தனை நாளில் வடிந்தது என்று தனித்தனியாகக் கேளுங்கள். முடிந்தால் வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் ஒரு நவம்பர் நாளில் போய்ப் பாருங்கள். அதுவரை அட்வான்ஸ் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.