வறுவல்காரர்கள்: அன்றும் இன்றும்

மயிலாப்பூர் மாட வீதிகளில் அன்று காப்பிப்பொடிக் கடையைத் தேடி விலாசம் கேட்க வேண்டியதில்லை. வாசனையே கொண்டுபோய் நிறுத்திவிடும். "பாதி பீபெரி, பாதி பிளாண்டேஷன் ஏ, சிக்கரி நூற்றுக்கு இருபது" என்றால் போதும். பழகிய வாடிக்கையாளர் அதைக்கூடச் சொல்ல வேண்டாம். எந்த வீட்டுக்கு என்ன கலவை என்பது கடைக்காரருக்கு மனப்பாடம்.

வறுப்பவருக்குக் கண்ணும் காதும் மூக்கும்தான் கருவிகள். கொட்டை சடசடவென வெடிக்கும் ஓசை, மாறும் நிறம், எழும் புகை ஆகியவற்றைக் கொண்டே பதம் பார்ப்பார். கொஞ்சம் முந்தினால் பச்சை வாசம் போகாது; கொஞ்சம் பிந்தினால் கருகல். ஆண்டுக்கு ஆண்டு விளைச்சல் மாறும். ஆனாலும் தை மாதத்து டிகாஷனும் ஆடி மாதத்து டிகாஷனும் ஒரே ருசியில் இறங்கும். அது பெரிய வித்தை. அதைச் செய்தவர் பெயரைத்தான் யாரும் கேட்டதில்லை.

கொட்டை விளைந்த தோட்டத்தின் பெயரும் தெரியாது. அதற்குக் காரணம் உண்டு. 1942-ஆம் ஆண்டின் காப்பிச் சட்டப்படி, தோட்டக்காரர்கள் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. எல்லாம் ஒன்றாகக் கலந்து ஏலத்துக்கு வரும். 1990-களில் இந்தப் பிடி படிப்படியாகத் தளர்ந்தது. தோட்டக்காரர் தாமே விற்கலாம் என்றானது.

அந்தக் கதவு திறந்ததால் வந்தவர்கள்தான் இன்றைய இளம் வறுவல்காரர்கள். சென்னையில் சிறிய உருளைகளில், சில கிலோ மட்டும் வறுக்கிறார்கள். ஏற்காடா பழனி மலையா, எந்தத் தோட்டம், பழத்தோடு உலர்த்தியதா கழுவி உலர்த்தியதா, வறுத்த தேதி என்ன என்று பொட்டலமே சொல்கிறது. வெப்பம் ஏறும் வேகத்தைக் கணினித் திரையில் கோடாகப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வறுவலையும் கரண்டியால் உறிஞ்சிச் சுவைத்துக் குறிப்பெடுக்கிறார்கள். பழப் புளிப்பும் பூ மணமும் போய்விடாதபடி இளவறுப்பாக எடுக்கிறார்கள்.

முன்னவர் கொட்டைகளின் வேறுபாட்டை மறைத்து ஒரே ருசி தந்தார். இவர் அந்த வேறுபாட்டையே ருசியாக்கித் தருகிறார். இரண்டுக்கும் வேண்டியது ஒரே கவனம், ஒரே பொறுமை. பழைய வறுப்பவருக்குக் கிடைக்காத பாராட்டு இந்தப் பிள்ளைகளுக்காவது உரிய காலத்தில் கிடைக்க வேண்டும்.

பிரிட்டனில் 1994 முதல் கைப்பக்குவ உணவுகளுக்கும் பானங்களுக்கும் 'கிரேட் டேஸ்ட்' விருது தருகிறார்கள். சிறு தயாரிப்பாளர்களை மக்கள் அறிய அது வழி செய்தது. நமக்கோ ஜனவரியில் மயிலாப்பூர் விழா இருக்கிறது. கோலப் போட்டி நடக்கும் வடக்கு மாட வீதியிலேயே ஒரு வறுவல் போட்டியும் நடக்கட்டும். இளையவர்கள் வறுக்கட்டும், வயதான கடைக்காரர்கள் நடுவர்களாக உட்காரட்டும். ஜெயித்தவர் பெயரை ஊர் முழுக்கச் சொல்வோம்.