குடைக்கு வேலையில்லாத ஊர்

ஐப்பசி அடைமழையில் துணி உலர்த்த இடமின்றி, கூடத்துக்குக் குறுக்கே கொடி கட்டித் தவித்த அனுபவம் உங்களுக்கு இல்லாமலா இருக்கும்? மழையே பெய்யாத ஊரில் குடியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று தோன்றும். தென் அமெரிக்காவில், பெரு தேசத்தின் தலைநகரான லீமா அப்படிப்பட்ட ஊர்தான். ஆனால், அங்கேயும் ஜூன் முதல் செப்டம்பர் வரை துணி லேசில் உலராது!

பூமத்திய ரேகைக்கு வடக்கே சென்னை எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் தெற்கே இருக்கிறது லீமா. சமுத்திரக் கரை வேறு. இருந்தும் வருஷம் முழுவதும் சேர்ந்து ஓர் அங்குல மழைகூடக் கிடையாது. காரணம், கரையோரமாகத் தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டம். அதன் மேலுள்ள காற்றும் குளிர்ந்து கனத்துவிடுவதால், மேலே எழும்பி மழை மேகமாவதில்லை. மூடுபனியாகத் தாழ்ந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் சூரியனைக் காண்பதே அபூர்வம். குழாய் எட்டாத குன்றுக் குடிசைகளில் நைலான் வலை கட்டி, அந்தப் பனியைச் சொட்டுச் சொட்டாகப் பிடித்துச் சேர்க்கிறார்கள்.

ஆண்டிஸ் மலைக்கு அப்பாலோ அமேசான் காடு. அங்குள்ள இக்கிட்டோஸ் நகரில் வருஷத்துக்கு 100 அங்குலத்துக்கு மேல் மழை. அந்த ஊருக்குச் சாலையே கிடையாது. படகில் போக வேண்டும், அல்லது விமானத்தில்.

நடுவே, மலை மேல் வாழும் பெண்களின் சாமர்த்தியத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. டிடிகாகா ஏரிப் பக்கம் 12,500 அடி உயரம். நாம் சித்திரை வெயிலில் வடாம் இடுகிறோம் அல்லவா? அவர்கள் ஜூன், ஜூலை உறைபனியில் உருளைக்கிழங்கைப் பரப்புகிறார்கள். இரவில் கல்லாய் உறையும். பகல் வெயிலில் இளகும். சில நாள் இப்படிக் கிடந்தபின், காலால் மிதித்து நீரைப் பிழிந்து காயவைத்தால் 'சுன்யோ' தயார். வருஷக் கணக்கில் கெடாது. நம் வடாம் அடுத்த சித்திரை வரை தாங்கினாலே பெருமைப்படுகிறோம்!

மறுபடி கடற்கரைக்கு வருவோம். மழையில்லாத சீமையில் கூரைக்குச் சரிவு எதற்கு, தெருவுக்கு வடிகால் எதற்கு? ஏழைகளுக்குச் சுடாத செங்கல் சுவரே போதும். ஆனால், சில வருஷங்களில் கடல் திடீரென்று வெதுவெதுப்பாகிவிடுகிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் வருவதால் மீனவர்கள் அதற்கு 'எல் நினோ', அதாவது குழந்தை ஏசு, என்று பெயரிட்டார்கள். பெயர்தான் குழந்தை! 1983, 1998, 2017 ஆகிய வருஷங்களில் வடக்கே பியூரா பகுதியில் மழை கொட்டித் தீர்த்தது. மண் சுவர்கள் கரைந்து விழுந்தன. 2017-ல் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

அந்த மார்ச் மாதத்தில் லீமாவில் நடந்த கூத்தைக் கேளுங்கள். மலையில் பெய்த மழை சேறும் சகதியுமாக ரிமாக் ஆற்றில் இறங்கியது. குடிநீராக்க முடியாமல் விநியோகத்தையே நிறுத்தினார்கள். ஆற்றில் வெள்ளம் புரண்டு ஓட, வீட்டுக் குழாயில் பல நாள் தண்ணீர் வரவில்லை. ஜனங்கள் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள்.