பால் நிறச் சொட்டு மருந்து

கண்புரை ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறவரிடம் தரும் சொட்டு மருந்துகளில் ஒன்று பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். பிரெட்னிசொலோன் அசிடேட் என்னும் ஸ்டீராய்டு அது. மருந்து நீரில் கரையாமல் துகளாக மிதப்பதால் அந்த வெண்மை. குலுக்காமல் விட்டால் துகள் அடியில் தங்கிவிடும். ஒரு நாள் மருந்து குறையும், இன்னொரு நாள் கூடும்.

கத்தி பட்ட கண்ணின் அழற்சியை அடக்குவது இதன் வேலை. அதை நன்றாகவே செய்கிறது. ஆனால் கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்து, கருவிழியின் விளிம்பை ஒட்டிய வலைத்திசு வழியாக வடிந்துகொண்டே இருக்கிறது. ஸ்டீராய்டு சிலருக்கு அந்த வடிகாலை இறுக்கிவிடும். நீர் தேங்கி, கண் அழுத்தம் ஏறும். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு விட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஓரளவும், நூற்றில் நாலைந்து பேருக்கு மிக அதிகமாகவும் ஏறும் என்று 1960களிலேயே கண் மருத்துவர்களான ஆர்மலி, பெக்கர் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. குடும்பத்தில் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இதில் என்னை அச்சப்படுத்துவது அதன் அமைதி. பெரும்பாலும் வலி இராது, பார்வையும் தெளிவாகவே இருக்கும். உள்ளே பார்வை நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும். கெட்ட நரம்பு திரும்பாது. "கண் நல்லாத்தானே தெரியுது" என்று மறுபரிசோதனைக்குப் போகாமல், பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் அதே குப்பியை மீண்டும் வாங்குவதுதான் பெரிய ஆபத்து. நாமாகவே சட்டென்று நிறுத்துவதும் தவறு, அழற்சி திரும்பிவிடும். அதனால்தான் மருத்துவர்கள் வாரந்தோறும் வேளைகளைக் குறைத்து எழுதித் தருகிறார்கள்.

மற்றத் தொல்லைகள் சிறியவை. கூடவே அழற்சிக்குத் தரும் கீட்டோரோலாக் போன்ற சொட்டுகள் விட்டதும் எரியும். கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு கண்ணை உலர்த்தி மணல் விழுந்ததுபோல் உறுத்தும். தொண்டையில் கசந்தால் பயப்பட வேண்டாம்: இமையின் உள்மூலைத் துளை வழியாக மருந்து மூக்குக்கு இறங்கியிருக்கிறது. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய அந்த மூலையை இரண்டு நிமிடம் மெல்ல அழுத்தினால் கசப்பு குறையும், மருந்தும் கண்ணிலேயே நிற்கும். ஒரு சொட்டு போதும்; அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி. வலி கூடினாலோ, சிவப்பு அதிகரித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது கிருமித் தொற்றாக இருக்கலாம்.

ஏறிய அழுத்தம், ஸ்டீராய்டை நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் இறங்கிவிடும். அதுவரை அழுத்தத்தைக் குறைக்க டைமொலால் சொட்டு தருவதுண்டு. அது ரத்தத்தில் கலந்து மூச்சுத்திணறலைக் கிளப்பக்கூடும் என்பதால், ஆஸ்துமா இருப்பவர்கள் அதை முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.