தபால் வழி பட்டம் வேலைக்குச் செல்லுமா? பணம் கட்டும் முன் இதைப் பாருங்க!

நெல்லை:

பகலில் வேலை, ராத்திரியில் படிப்பு என்று பட்டம் வாங்கியவர்கள் நெல்லைச் சீமையில் ஏராளம். ஜவுளிக்கடை ஊழியர், பஸ் கண்டக்டர், பீடி சுற்றும் பெண்கள் என்று கல்லூரி வாசலை மிதிக்காமலே டிகிரி முடித்தவர்கள் உண்டு. "பணமும் போச்சு, பட்டமும் செல்லலை" என்று புலம்புகிறவர்களும் உண்டு. இந்த ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? படித்த பாடத்தில் இல்லை, சேர்ந்த விதத்தில்தான் இருக்கிறது.

மதுரையில் இருந்து வந்த தபால் படிப்பு

இந்தியாவில் தபால் வழிக் கல்வி 1962-ல் டெல்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. நம்ம பக்கத்துக்கு அது 1971-ல் மதுரை பல்கலைக்கழகம் வழியாக வந்தது. அப்போது நெல்லை கல்லூரிகளும் மதுரையின் கீழ்தான் இருந்தன. பாடப்புத்தகம் தபாலில் வீடு தேடி வரும். லீவு நாளில் நேர்முக வகுப்பு. பரீட்சை மட்டும் நேரில் போய் எழுத வேண்டும்.

1990-ல் நெல்லைக்கென்று மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிறந்தது. அபிஷேகப்பட்டியில் உள்ள இந்தப் பல்கலைக்கழகமும் தொலைநிலைப் படிப்புகளைத் தொடங்கியது. 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. இப்போது செல்போனிலேயே பாடம் கேட்கும் ஆன்லைன் டிகிரியும் வந்துவிட்டது.

ரெகுலர் டிகிரிக்குச் சமமா?

சமம்தான். முறையான அனுமதி பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக்குழுவின் (யு.ஜி.சி.) 2020-ம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. இதை மறுபடியும் அறிவித்தது. ஆனால் 3 விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்.

1. படி தாண்டக்கூடாது

பத்தாம் வகுப்பு, பிளஸ்-2, அப்புறம்தான் டிகிரி. இந்த வரிசை முக்கியம். முன்பெல்லாம் வயது இருந்தால் போதும், நேரடியாகப் பட்டப்படிப்பில் சேரலாம் என்று திறந்தநிலை முறையில் சேர்த்தார்கள். நிறைய பேர் சேர்ந்தார்கள். 2009 ஆகஸ்டு 18-ந்தேதி தமிழக அரசு ஒரு அரசாணை (எண் 107) போட்டது. பத்தாம் வகுப்பும் பிளஸ்-2-வும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்கும், பதவி உயர்வுக்கும் செல்லாது என்று அதில் சொல்லிவிட்டார்கள்.

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் ஒரு பெண் எட்டாம் வகுப்போடு நின்றவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு பரீட்சை எழுத வேண்டும். அதற்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கும் பதிவு செய்து போய் வரணும். அடுத்து பிளஸ்-2. அதன்பிறகு டிகிரி. எல்லாம் முடிய ஆறு வருஷம் பிடிக்கும். நீளமான வழிதான், ஆனால் அரசு வேலைக்கு நிற்கிற வழி இதுதான்.

2. அந்த வருஷம், அந்தப் படிப்புக்கு அனுமதி

பல்கலைக்கழகம் பெரிய பெயராக இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் வருஷத்தில், நீங்கள் சேரும் படிப்பைத் தொலைவழியில் நடத்த யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பார்க்கணும். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இந்தப் பட்டியல் இருக்கிறது. பக்கத்து பிரவுசிங் சென்டரில் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். 2024-ல் இருந்து மாணவர்கள் அதே இணையதளத்தில் 'டெப் ஐ.டி.' என்ற எண்ணும் எடுத்த பிறகுதான் சேர முடியும்.

3. தபாலில் நடத்தவே கூடாத படிப்புகள்

என்ஜினீயரிங், மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம், விவசாயம் போன்ற படிப்புகளைத் தொலைவழியில் நடத்தத் தடை உள்ளது. 2025 ஜூலை - ஆகஸ்டு சேர்க்கையில் இருந்து உளவியல், நுண்ணுயிரியல், உணவு - ஊட்டச்சத்து படிப்புகளும் தடைப் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

தடையை மீறிச் சேர்ந்தால் என்ன ஆகும்? 2017 நவம்பர் 3-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு சொன்னது. 4 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தபாலில் கொடுத்த என்ஜினீயரிங் பட்டங்கள் பற்றிய வழக்கு அது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. அவர்கள் தனியாகப் பரீட்சை எழுதி பாஸ் ஆனால்தான் பட்டம் திரும்பக் கிடைக்கும் என்றனர். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ஒரேயடியாக ரத்தானது. பல வருஷம் வேலை பார்த்தவர்கள் ஆடிப்போனார்கள்.

"ஒரே வருஷத்துல டிகிரி!"

"அண்ணாச்சி, ஒரே வருஷத்துல டிகிரி. பரீட்சை எல்லாம் நாங்க பார்த்துக்கிடுதோம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீங்க. பிளஸ்-2 முடித்துச் சேர்ந்து ஒரே வருஷத்தில் முடிகிற இளநிலைப் பட்டம் எதுவும் கிடையாது. பல்கலைக்கழகம் தன் படிப்பை இன்னொருவருக்குக் குத்தகைக்கு விடவும் விதியில் இடமில்லை. அதனால் ஏஜெண்டு கையில் ரொக்கம் கொடுக்காமல், பல்கலைக்கழகத்துக்கே நேரடியாகப் பணம் கட்டி அதன் பெயரிலேயே ரசீது வாங்குங்க.

சேரும்போது அந்த வருஷத்து யு.ஜி.சி. அனுமதிப் பட்டியலை பிரிண்ட் எடுத்து சர்டிபிகேட்டோடு பத்திரமாக வையுங்க. பத்து வருஷம் கழித்து "இது செல்லுமா?" என்று எந்த ஆபீசில் கேட்டாலும் எடுத்து நீட்ட அது உதவும்.