177 பஸ்ஸும் 28 றாத்தல் செங்கோலும்: தெரியுமா?

கொள்ளுப்பிட்டியில் 177 பஸ் ஏறி, ராஜகிரிய தாண்டிப் பத்தரமுல்லைப் பக்கம் போகிறவர்களே! பொல்துவ சந்தியில் பிரிந்து போகிறதே ஒரு வீதி, அதன் கடைசியில் நிற்கும் பாராளுமன்றத்தை வரைந்த மனிதர் நீங்கள் பஸ் ஏறிய அதே கொள்ளுப்பிட்டிக்காரர் என்பது தெரியுமா? ஜெஃப்ரி பாவா! பகதல வீதிக்கு உள்ளே 33ஆம் ஒழுங்கையில் இருந்த நான்கு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி, இடித்து, இணைத்து ஒரே வீடாக்கி வாழ்ந்தவர். அல்பிரட் ஹவுஸ் வீதியில் அவருடைய பழைய அலுவலகம் இருந்த இடத்தில் இன்றைக்குக் கோப்பி குடிக்கிறார்கள். 1979இல் பாராளுமன்ற வேலை கையில் கிடைத்தது, 1982 ஏப்ரல் 29இல் திறப்பு விழா. சதுப்பு நிலத்தைத் தோண்டி வாவியாக்கி, நடுவில் தீவு விட்டு, தீவின்மேல் செப்புக் கூரைகள். இவ்வளவையும் மூன்று வருடத்துக்குள் முடித்தவர் படிப்பால் முதலில் ஒரு வழக்கறிஞர்!

சரி, அந்தக் கூரைக்குக் கீழே நடக்கிற வேலைக்கு வருவோம். வரவு செலவுத் திட்டக் காலம் வந்தால் ஒரு எம்.பி.யின் நாட்காட்டி என்ன ஆகிறது தெரியுமா? 2025ஐ எடுங்கள். முந்தைய நவம்பரில்தான் பொதுத் தேர்தல் நடந்திருந்தது, அதனால் பாதீடு பிந்திப் பெப்ரவரி 17இல் வந்தது. மறுநாளே இரண்டாம் மதிப்பீட்டு விவாதம் தொடங்கி ஏழு நாள் ஓடியது. 25ஆம் திகதி வாக்கெடுப்பு: ஆதரவாக 155, எதிராக 46. ஒரு நாள் மூச்சு. பிறகு குழுநிலை விவாதம், 19 நாள்! ஒவ்வொரு அமைச்சாக, ஒவ்வொரு செலவுத் தலைப்பாகப் பிரித்து மேய வேண்டும். சனிக்கிழமையும் சபை கூடும், கலியாண வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார்கள். மார்ச் 21 மாலை மூன்றாம் மதிப்பீடு, 159க்கு 45. ஆக 26 நாள் விவாதத்தில் ஒரு நாட்டின் ஒரு வருடச் செலவு முடிந்தது.

225 பேர். மாவட்டங்களில் வென்றவர்கள் 196, தேசியப் பட்டியலில் வந்தவர்கள் 29. இத்தனை பேரும் பேசத் துடிக்கும்போது ஒருவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? சில நிமிடம்தான், ஐயா! கட்சிக்கு இத்தனை நிமிடம் என்று ஒதுக்கி, கட்சியின் கொறடா அதைப் பங்கு பிரிப்பார். இரவிரவாகத் தயாரித்த உரை பாதி வழியில் நிற்கும். ‘இன்னும் ஒரு நிமிடம் தாருங்கள், சபாநாயகர் அவர்களே’ என்ற கெஞ்சலைச் செய்தியில் பார்த்துச் சிரிக்கிறோம். நாட்டை ஆளுகிறவர்கள் நிமிடக் கணக்கில் கையேந்தும் இடம் அதுவொன்றுதான்.

சபை உரைகள் அச்சாகும் ஒரே ஹன்சாட் புத்தகத்தில் மூன்று மொழி ஓடுவது தெரியுமா? அவரவர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகும். ஒரு பக்கத்தில் சிங்களம், நடுவில் தமிழில் ஒரு குறுக்கீடு, கீழே ஆங்கிலத்தில் ஓர் ஒழுங்குப் பிரச்சினை. சபைக்குள்ளே காதில் கருவியை மாட்டிக்கொண்டால் உடனுக்குடன் உரைபெயர்ப்பு வரும். வசை வந்தாலும் அதையும் பெயர்க்க வேண்டிய அந்தக் கண்ணாடிக் கூண்டுக்காரர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அடுத்தது! 225 பேர் கொண்ட சபை நடக்க எத்தனை பேர் இருந்தால் போதும்? இருபது! அந்த இருபதும் இல்லை என்று ஒருவர் எழுந்து சொன்னால் கோரம் மணி அடிக்கும். ஐந்து நிமிடத்துக்குள் ஆள் சேராவிட்டால் அன்றைய சபை அவ்வளவுதான். சிற்றுண்டிச்சாலையிலிருந்து வாயைத் துடைத்தபடி ஓடிவருகிற காட்சியை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஆள் இருந்தும் செங்கோல் இல்லாவிட்டால் சபை இல்லை. கருங்காலித் தண்டு, வெள்ளி வேலை, 18 கரட் தங்கம், நீலக்கற்கள்; 48 அங்குல நீளம், 28 றாத்தல் எடை. 1949இல் பிரித்தானியப் பொதுமக்கள் சபை தந்த அன்பளிப்பு. அதைத் தோளில் சுமந்து வருபவர் படைக்கலச் சேவிதர். 2018 நவம்பரில் சபைக் கலவரத்தில் மிளகாய்த் தூள் பறந்து, சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸார் சூழ உள்ளே வந்தாரே, அந்த நாட்களில் இந்தப் பதவிக்காரரின் தோளில் இருந்த பாரம் வெறும் 28 றாத்தலா?

இனி வருவதுதான் எனக்கு இந்த வரிசையிலேயே பிடித்தது. ஒரு பிரதமரின் அரசு ஒரேயொரு வாக்கால் விழுந்தபோது, அந்தப் பிரதமருக்கே அங்கு வாக்கு இருக்கவில்லை, தெரியுமா? காலிமுகத்திடலின் ஒரு முனையில் கொள்ளுப்பிட்டி தொடங்குகிறது. மறு முனையில் தூண்கள் வைத்த பெரிய கட்டடம், இன்றைய ஜனாதிபதி செயலகம். 1930இலிருந்து 1982வரை சட்டசபையாக இருந்தது அதுதான். 1964 டிசம்பர் 3. பத்திரிகைத்துறையைக் கட்டுப்படுத்தும் சட்டமூலத்தால் ஆளும் கட்சி கொதித்துக்கொண்டிருந்தது. சி. பி. டி சில்வா, அரசின் முன்வரிசைக்காரர், எதிரணிப் பக்கம் நடந்தார். பின்னால் பதின்மூவர் நடந்தார்கள். சிம்மாசன உரை மீதான வாக்கெடுப்பு. எண்ணினார்கள்: 74க்கு 73! சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு தோற்றது. அவரோ மேற்சபையான செனற்றின் உறுப்பினர். செனற் கூடுவது கோட்டையில், வேறு கட்டடத்தில். கீழ்ச் சபையில் கை தூக்க அவருக்கு உரிமையில்லை. ஒரு வாக்கு வித்தியாசத்தில் அரசு போகிறது, உலகின் முதல் பெண் பிரதமரால் அந்த ஒன்றைப் போட முடியவில்லை! அடுத்த மார்ச்சில் தேர்தல், ஆட்சி மாறியது. கட்சிக் கொறடாக்கள் இன்றைக்கும் ஏன் காய்ச்சலில் கிடக்கிற எம்.பி.யைக்கூட வாக்கெடுப்புக்குத் தூக்கி வருகிறார்கள் என்று கேட்பவர்கள் இந்த எண்களைப் பார்க்கட்டும்.

கொட்டாஞ்சேனைக்காரருக்குப் பெருமையான ஒன்று சொல்லட்டுமா? 1931இல் சர்வசன வாக்குரிமை வந்த முதல் தேர்தலில் உங்கள் கொழும்பு வடக்கில் வென்றவர் டொக்டர் இரட்ணசோதி சரவணமுத்து. தேர்தல் மனுவில் ஆசனம் பறிபோனது. விட்டாரா? 1932 இடைத்தேர்தலில் மனைவி நேசம் நின்றார், வென்றார்! அன்றைய சட்டசபையான அரசாங்க சபைக்குள் நுழைந்த முதல் தமிழ்ப் பெண் அவர்தான். கணவர் பின்னாளில் கொழும்பின் முதல் மேயர். கிரிக்கெட் பார்க்க பி. சரா ஓவலுக்குப் போகிறோமே, அந்த ‘சரா’ டொக்டரின் சகோதரர். ஒரு குடும்பம், ஒரு நகரம்! ஆனால் மலையகத் தமிழ்ப் பெண்கள் தேர்தலில் வென்று சபைக்குள் வர 2024வரை காத்திருக்க வேண்டியிருந்தது: நுவரெலியாவில் கலைச்செல்வி, பதுளையில் அம்பிகா. நேசத்துக்கும் இவர்களுக்கும் இடையில் 92 வருடம். அதே சபையில், தேசியப் பட்டியலில் வந்த சுகத் வசந்த டி சில்வா வெள்ளைப் பிரம்புடன் உள்ளே வந்த முதல் பார்வையற்ற உறுப்பினர்.

சபாநாயகர் ஒரு சட்டமூலத்தில் சான்றுரையை எழுதிக் கையொப்பமிட்ட பிறகு, எந்த நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லுமா என்று கேட்க முடியாது, தெரியுமா? அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரை சொல்கிறது. அதனால்தான் சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதும் குடிமக்கள் உயர் நீதிமன்றத்துக்கு ஓடுகிறார்கள். நீதிமன்றத்துக்கும் தவணை மூன்று வாரம்தான். இந்தியாவில் சட்டம் வந்து பல வருடம் கழித்தும் வழக்குப் போட்டு அடிக்கலாம். இங்கே பஸ் புறப்பட்டுவிட்டால் புறப்பட்டதுதான்.

மாகாண சபை உறுப்பினர்களின் பரபரப்பைப் பற்றி ஏன் எழுதவில்லை என்கிறீர்களா? ஒன்பது மாகாண சபைகளில் கடைசியாக ஊவாவின் காலம் 2019 அக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லாமலே வருடங்கள் ஓடின. சபை உண்டு, ஆளுநர் உண்டு, கட்டடம் உண்டு, உறுப்பினர் மட்டும் பூச்சியம்!

கடைசியாக வயிற்றுக்கும் ஒன்று. எம்.பி. சாப்பாட்டுக்கு நாளொன்றுக்குக் கட்டிவந்த பணம் 450 ரூபா. 2025 பெப்ரவரி 5இலிருந்து அது 2000: காலைக்கு 600, மதியத்துக்கு 1200, மாலைத் தேநீருக்கு 200. பாதீடு வந்தது அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து.