நாற்பதுக்கு இல்லாத யோகம் நாற்பத்து மூன்றுக்கு

2023 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலூன் கண்காட்சியில் டொயோட்டா இரண்டு பழைய கார்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. இரண்டும் 1980களின் கொரோலா குடும்பம். ஏஇ86 என்ற எண்ணால் உலகம் முழுக்க அறியப்பட்டவை. ஒன்றை ஹைட்ரஜனில் ஓடும்படி மாற்றியிருந்தார்கள், மற்றதை பேட்டரியில். எதிர்காலம் வந்துவிட்டது என்று வழக்கம்போல் எழுதப்பட்டது. ஆனால் அந்தக் காரை வைத்திருப்பவர்கள் கேட்பதெல்லாம் வேறு. பின்பக்க டிஃபரன்ஷியலை மாற்றினால் வண்டி பறக்கும் என்கிறார்களே, உண்மையா? இப்போது உள்ளே இருப்பது எது என்று பிரிக்காமலே சொல்ல முடியுமா?

முதல் கேள்விக்குப் பதில்: பறக்காது. பின்சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் விகிதம். 4.1 விகிதத்தை எடுத்துவிட்டு 4.3 போட்டால், எல்லா கியரிலும் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை சுமார் 5 சதவீதம் கூடும். அதே வேகத்தில் என்ஜினும் 5 சதவீதம் அதிகமாகச் சுழன்றாக வேண்டும். என்ஜினின் குதிரைத்திறன் இம்மி கூடாது. ஆனால் ஓட்டுபவருக்குப் பறப்பதுபோல் தோன்றுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தக் கார்களில் ஸ்பீடோமீட்டர் கம்பி கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. டிஃபரன்ஷியலை மாற்றியது அதற்குத் தெரியாது. உண்மையில் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது முள் 105ஐத் தொடும்.

இரண்டாவது கேள்வி சுவையானது.

டொயோட்டாவில் பானெட்டைத் திறந்தால் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் ஆக்சில் என்ற வரியில் ஓர் எழுத்தும் மூன்று இலக்கங்களும். எழுத்து, டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் சக்கரத்தின் அளவைச் சொல்லும். முதல் இரண்டு இலக்கங்கள் விகிதத்தின் சங்கேதம். கடைசி இலக்கம் உள்ளே எத்தனை சிறு பினியன்கள், சாதாரணமா எல்எஸ்டியா (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை) என்பது. படிக்கச் சோம்பல்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ‘இனிஷியல் டி’ காமிக்ஸில் வரும் இட்சுகி சாட்சி. 86 என்று நம்பி 85ஐ வாங்கிவிடுகிறான். வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்று; ஏஇ85இல் 1.5 லிட்டர் என்ஜின், பின்னால் சிறிய ஆக்சில். 86இன் பாகத்தை அந்தக் கூட்டுக்குள் திணிக்க முடியாது. முழு ஆக்சிலையும் மாற்ற வேண்டும்.

நிஸானில் கதை எளிது. ஆர்160, ஆர்180, ஆர்200 என்ற பெயர்களில் உள்ள எண்தான் கிரவுன் சக்கரத்தின் விட்டம், ஏறத்தாழ மில்லிமீட்டரில். நிஸானின் டாட்சன் 510க்கு ஆர்160, 240 இசட்டுக்கு ஆர்180, பிறகு வந்த 280 இசட்டுக்கு ஆர்200. இதில் ஒரு வேடிக்கை: சுபாருவும் இதே ஆர் வரிசையைத்தான் பயன்படுத்தியது. அதனால்தான் 1970களின் டாட்சன்காரர்கள் 2000களின் இம்ப்ரெசா எஸ்டிஐ வண்டியின் ஆர்180ஐத் தேடி அலைகிறார்கள். கூடு ஒத்துப்போகும், பக்கவாட்டு ஆக்சில்கள் ஒத்துப்போகாது. விற்பவர் முதல் பாதியை மட்டும் சொல்வார்.

தகடு போய்விட்டது, அல்லது ஏற்கெனவே யாரோ மாற்றிவிட்டார்கள் என்றால் கையால் எண்ணலாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கட்டாயம். டயரிலும் புரொப்பல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு. சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஒன்றல்ல, இரண்டு சுற்று: இரு சக்கரங்களின் சராசரி வேகத்தில்தான் கிரவுன் சுழலும், ஒன்று தரையில் நிற்கும்போது அது பாதியாகிவிடும். சக்கரத்தை இருபது சுற்று சுற்றும் பொறுமை இருந்தால் இன்னும் நல்லது. 4.1ஆக இருந்தால் ஷாஃப்ட் சரியாக 41 சுற்று சுற்றி, கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். 4.11ஆக இருந்தால் அதே கோடு 40 டிகிரி தள்ளி நிற்கும்.

அதென்ன 4.1, 4.11? ஏன் முழுசாக 4 என்று வைக்கவில்லை? என்னைக் கேட்டால் இந்தக் கணக்குதான் மொத்த விஷயத்திலும் அழகு. 4.1 என்பது கிரவுனில் 41 பற்கள், அதைச் சுழற்றும் பினியனில் 10. 4.11 என்பது 37க்கு 9. 4.3 என்றால் 43க்கு 10. 240 இசட்டில் வந்த 3.36 என்பது 37க்கு 11. பொறியாளர்களுக்குத் தசமத்தின் மேல் காதல் எதுவும் இல்லை. இரண்டு எண்களையும் வகுக்கும் பொது எண் 1ஐத் தவிர வேறு இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம்.

கல்யாணப் பந்தியை வட்டமாகப் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். (எந்த மண்டபத்திலும் அப்படிப் போடமாட்டார்கள், போகட்டும்.) நாற்பது இலைகள். பத்துப் பேர் நெய்க் கிண்ணத்தோடு வரிசையாகச் சுற்றி வருகிறார்கள். ஆளுக்கொரு இலையாக முறைவைத்து ஊற்ற வேண்டும். ஏழாவது ஆள் கை இறுகியவர். முதல் சுற்றில் அவர் 7, 17, 27, 37ஆம் இலைகளுக்குச் சொட்டு வைப்பார். இரண்டாம் சுற்றிலும் அதே 7, 17, 27, 37. பந்தி முடியும்வரை அந்த நான்கு இலைகளுக்கும் நெய் கிடையாது. சம்பந்திச் சண்டைக்கு நான்கு பேர் தயார். இப்போது இலைகளை நாற்பத்து மூன்றாக்குங்கள். இரண்டாம் சுற்றில் அந்தக் கஞ்சர் 4, 14, 24, 34 என்று நகர்ந்துவிடுவார். மூன்றாவதில் 1, 11, 21, 31, 41. பத்துச் சுற்று முடியும்போது நாற்பத்து மூன்று இலைகளையும் ஒவ்வொரு முறை தொட்டிருப்பார், ஓர் இலையைக்கூட இரண்டு முறை தொட்டிருக்கமாட்டார். இன்னொரு பக்கம், பத்தொன்பதாம் இலைப் பெரியவர் ‘இன்னும் கொஞ்சம்’ என்று கையைப் பிடித்துக்கொள்பவர் என்றால், பத்துப் பேரும் ஆளுக்கொரு முறை அவரிடம் மாட்டிக்கொள்வார்கள்.

பரிமாறுபவர்கள் பினியன் பற்கள், இலைகள் கிரவுன் பற்கள். பினியனில் ஒரு பல்லில் சிறு மேடு இருந்தால், நாற்பதுக்குப் பத்தில் அது நான்கே பற்களைக் குடைந்துகொண்டிருக்கும். நாற்பத்து மூன்றுக்குப் பத்தில் அந்த மேட்டின் தொல்லை எல்லாப் பற்களுக்கும் பங்காகி, தேய்மானம் சமமாகப் பரவும். சில அமெரிக்க ஆக்சில்களில் 39க்கு 13 என்று முழு எண்ணாகவே வைத்திருந்தார்கள். அவற்றைக் கழற்றி மாட்டும்போது எந்தப் பல் எந்தப் பல்லோடு சேர வேண்டும் என்று போட்ட குறியைத் தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டும்.

வரலாறும் கேட்பீர்கள். 1827இல் பிரான்சில் ஒனேசிஃபோர் பெக்கர் தன் நீராவி வண்டிக்காக டிஃபரன்ஷியலுக்குக் காப்புரிமை பெற்றார். பழைய சீனத் தேரில் இது இருந்தது என்பார்கள். அந்தத் தேரின் உள்ளமைப்பு இதுதான் என்று நிரூபிக்கச் சான்று இல்லை.

மாற்றும் வேலைக்கு வருவோம். ஏஇ86இல் ஆக்சில் ஷாஃப்டுகளை இரு பக்கமும் உருவிவிட்டு, புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி, முன்பக்க நட்டுகளை எடுத்தால் கிரவுன், பினியன் எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகுதியும் கையோடு வந்துவிடும். இன்னொன்றை அப்படியே ஏற்றலாம். பல்லை மட்டும் மாற்றுகிறேன் என்று இறங்கினால்தான் வம்பு. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி. இங்கிருந்து ஒன்று அங்கிருந்து ஒன்று என்று சேர்த்தால் ஊளையிடும். பற்களுக்கிடையே விடும் இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, ஒன்றரைப் பங்கு. டயல் கேஜ் இல்லாமல் ஆகாது. பற்களில் வண்ணப் பசை தடவிச் சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா, விளிம்பில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். விளிம்பென்றால் எல்லாவற்றையும் பிரித்து, ஷிம் என்ற மெல்லிய இடைத்தகட்டை மாற்றி, மறுபடி.

மாஸ்டா எம்எக்ஸ்-5க்காரர்களுக்கு வேறு கணக்கு. 1989இல் வந்த 1.6 லிட்டர் வண்டியில் 6 அங்குல கிரவுன். டர்போ மாட்டினால் தாங்காது. 1994 மாடலிலிருந்து வந்த 1.8 லிட்டரில் 7 அங்குலம். பெரியதைப் போட ஆசைப்பட்டால் புரொப்பல்லர் ஷாஃப்ட், பக்கவாட்டு ஷாஃப்டுகள் எல்லாம் சேர்த்து வாங்க வேண்டும்.

கடைசியாக எல்எஸ்டி. விளம்பரங்களில் அதிகப் பொய் இங்கேதான். இரு பின்சக்கரங்களையும் தூக்கி, நியூட்ரலில் ஒன்றைச் சுற்றினால், மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரணம், அதே திசையில் சுற்றினால் எல்எஸ்டி என்பது எல்லாரும் சொல்லும் சோதனை. பாதிதான் சரி. தட்டுகள் தேய்ந்துபோன எல்எஸ்டியும் எதிர்த்திசையில் சுற்றும். சுமையில்லாமல் தூக்கி நிறுத்திய டோர்சன் வகை எல்எஸ்டியும் அப்படிச் சுற்றலாம். ஆக, அதே திசையில் சுற்றினால் பெரும்பாலும் நம்பலாம். எதிர்த்திசையில் சுற்றினால் பிரித்துப் பார்க்கும்வரை எதையும் சொல்ல முடியாது. தட்டு வகை எல்எஸ்டியை மாட்டிய புதிதில், மெதுவாக வண்டியைத் திருப்பும்போது பின்னால் கடகடவென்று அதிர்ந்தால் பயந்து கழற்ற வேண்டாம். பெரும்பாலும் அந்தத் தட்டுகளுக்கென்று உள்ள எண்ணெயை ஊற்றாமல் சாதாரண கியர் ஆயிலை ஊற்றியிருப்பார்கள்.