எளியோர்க்கென எழுந்த இரு மோட்டார் வண்டிகள்

சாமானிய மக்களின் பொருட்டே செய்யப்பட்ட மோட்டார் வண்டிகளுள் இரண்டு பெரும் புகழ் எய்தின. ஒன்று, அமெரிக்காவில் ஹென்றி போர்டு என்பார் 1908-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மாடல் டி’. மற்றொன்று, ஜெர்மனியில் பெர்டினாண்டு போர்ஷே என்னும் பொறிவல்லார் வகுத்த ‘வோக்ஸ்வாகன்’. இப்பெயர்க்கு மக்கள் வண்டி என்பதே பொருள். அதன் வடிவு நோக்கி உலகோர் அதனை ‘வண்டு’ என்றழைத்தனர். நோக்கம் ஒன்றாயிருந்தும் இவை வேறுபட்ட விதத்தை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அமைப்பை நோக்குவாம். மாடல் டியின் எஞ்சின் முன்புறத்தே இருந்தது, நீராற் குளிர்விக்கப்படுவது, 20 குதிரைத் திறன் உடையது. அக்காலத்து அமெரிக்க நாட்டுப்புறச் சாலைகள் சேறும் பள்ளமுமாய் இருந்தமையின், வண்டியின் அடிப்பாகம் தரையினின்று நன்கு உயர்த்தப்பட்டது. பெட்ரோல் தொட்டியோ இருக்கையின் கீழ் இருந்தது. பெட்ரோலைத் தள்ளும் பம்பு இல்லை. ஆதலின், தொட்டியிற் பெட்ரோல் குறைந்தவிடத்துச் செங்குத்தான மேடுகளிற் பின்புறமாகவே ஏறுதல் வழக்கமாயிற்று.

வண்டின் எஞ்சினோ பின்புறத்தது, காற்றாற் குளிர்விக்கப்படுவது. நீரே இன்மையால், கடுங்குளிரில் வீதியில் நிறுத்தினும் உறைதற்கு ஒன்றுமில்லை. புதிய நெடுஞ்சாலைகளில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்லதாக அது வகுக்கப்பட்டது.

இனி, இவை எளியோர் கையை அடைந்த வகையைக் காண்போம். மாடல் டியின் விலை முதலில் 850 டாலர். 1913-இல், தொழிலாளர் நின்றவிடத்தே நிற்க வண்டி அவர்பால் நகர்ந்துவரும் முறை ஏற்பட்டது. பன்னிரண்டரை மணி நேர வேலை ஏறக்குறைய ஒன்றரை மணியில் முடிந்தது. 1925-இல் விலை 260 டாலராய் இறங்கியது. ஒரே செயலை நாள் முழுதும் செய்து சலித்த தொழிலாளர் பலர் விலகவே, 1914-இல் நாட்கூலி 5 டாலராக உயர்த்தப்பட்டது. அதனால், வண்டியைச் செய்தவனே அதனை வாங்கவும் கூடியதாயிற்று.

வண்டின் கதை வேறு. இட்லரின் அரசாங்கம் அதன் விலையை 990 மார்க்கு என அறிவித்தது. வாரந்தோறும் 5 மார்க்கு முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டுவோர்க்கு வண்டி தருவதாக வாக்களித்தது. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனை நம்பிச் சேமித்தனர். 1939-இல் யுத்தம் மூண்டது. சேமித்தோருள் ஒருவர்க்கேனும் வண்டி கிடைத்திலது. அத்தொழிற்சாலை சேனைக்குரிய ஊர்திகளைச் செய்தது. அயல்நாட்டினின்று பிடித்துவரப்பட்டோரும் சிறைமுகாமினரும் ஆங்கு வலிந்து வேலை வாங்கப்பட்டனர்.

யுத்தம் முடிந்த 1945-இல், பிரிட்டிஷ் சேனை அதிகாரியான ஐவன் ஹர்ஸ்டு என்பவர் சிதைந்த அத்தொழிற்சாலையை மீண்டும் இயக்கினார். அவ்வாண்டின் இறுதியில் மக்களுக்குரிய வண்டிகள் வெளிவரத் தொடங்கின. ஒன்றரைக் கோடி என்னும் மாடல் டியின் எண்ணிக்கையை வண்டு 1972-இல் விஞ்சியது. 2003-இல் மெக்சிகோவில் முடிவுறும்போது அதன் தொகை இரண்டு கோடியே பதினைந்து இலட்சத்தைக் கடந்திருந்தது. எனினும், முத்திரை ஒட்டியோர்க்கு நெடுநாள் வழக்கின் பின், 1961-இல், விலையில் ஒரு தள்ளுபடியோ சிறு தொகையோதான் கிடைத்தது.

ஆகவே, ‘ஏழைகட்கு இது’ என்று எவரேனும் ஒன்றைக் காட்டும்போது, அதன் அழகையும் விலையையும் மட்டும் நோக்குதல் போதாது. அதனைச் செய்யும் கைகள் உரிய கூலி பெற்றனவா, காசு கொடுத்த எளியவன் வாயிலை அப்பொருள் அடைந்ததா என்று நாம் வினவுதல் வேண்டும். பின்வந்த பெருவெற்றி எதுவும், ஏழையின் முன்கொடுத்த ஐந்து மார்க்குக்கு ஈடாகாது.